கட்டுமான வரைபடத்தின் லிங்க்கை க்யூஆர் குறியீடாக ஒட்டியிருக்கிறோம். வரைபடம் திருத்தப்பட்டால் குறியீட்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை, லிங்க்கைச் சரியாக எடுத்திருந்தால். குறியீட்டுக்குள் வரைபடம் இல்லை. அதன் இணைய முகவரிதான் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக இருக்கிறது. முகவரி மாறாதவரை குறியீடும் மாறாது. பலர் சறுக்குவது இங்கேதான்: மூன்றாம் திருத்தத்தின் பிடிஎஃப் கோப்புக்கே லிங்க் எடுத்து, அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். நான்காம் திருத்தம் வந்த பிறகும், கம்பி கட்டுபவர் ஸ்கேன் செய்தால் பழைய பீம் விவரம்தான் திறக்கும். எப்போதும் புதிய பதிப்பையே காட்டும் லிங்க்கை எடுங்கள்; இல்லையென்றால் ஃபோல்டர் லிங்க்.

பொது லிங்க் லாகின் கேட்காது. வாட்ஸ்அப்பில் யாருக்கு ஃபார்வர்ட் ஆனாலும் திறக்கும். 'பார்க்க மட்டும்' அனுமதி போதும். விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் கிடக்கிற மேல் ஃபோல்டரைப் பகிர்ந்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே போய்விடும். வேலை முடிந்ததும் லிங்க்கை முடக்கிவிடலாம்.

அப்புறம், அச்சு. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய ஏறக்குறைய 10 செ.மீ. அகலம் வேண்டும், சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். சிமென்ட் தெறிக்கிற இடம் என்பதால், உருவாக்கும்போதே பிழைதிருத்த அளவை 'எச்' என்று வையுங்கள். சுமார் 30% வரை சேதமானாலும் போன் படித்துவிடும்.