கேள்வி-பதில்: வரமாட்டேன் என்பவர்களோடு ஒரு சிங்கப்பூர் பயணம்

சிங்கப்பூருக்கு நான்கு நாள் போகிறோம். கணவருக்கு விருப்பமே இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி. பத்தாவது படிக்கும் மகள் "நான் ரூம்லயே இருக்கேன்" என்கிறாள். ஏஜென்ட் பதினான்கு இடங்கள் போட்டு பேக்கேஜ் தந்திருக்கிறார். அட்வான்ஸ் கட்டலாமா?
*வாசகி, மதுரை*

இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்தப் பட்டியலை முதலில் வரிவரியாகப் படியுங்கள். 'மெர்லயன் பார்க்' என்று இருக்கும். சிங்கத்தலை மீன்சிலை நிற்கும் அந்தப் பூங்காவுக்குள் போக டிக்கெட்டே தேவையில்லை. 'கார்டன்ஸ் பை த பே' என்று இருக்கும். அந்தத் தோட்டத்தின் வெளிப்பகுதி எல்லோருக்கும் இலவசம். கிளவுட் ஃபாரஸ்ட், ஃபிளவர் டோம் என்ற கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் காசு. பேக்கேஜில் அந்தக் கூடங்களின் பெயர் இல்லையென்றால், உங்களை வாசலில் இறக்கிவிட்டு அரைமணியில் மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். 'போட்டோ ஸ்டாப்' என்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். சும்மா கிடைப்பதை இடக்கணக்கில் சேர்த்து, "பதினான்கு இடம்" என்று காட்டி விற்கும் இந்த வழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆயுளில் ஒருமுறை வெளிநாடு போகும் குடும்பத்தின் சேமிப்பு அது. ஒவ்வொரு இடத்துக்கும் நேராக, நுழைவுக் கட்டணம் சேர்த்தியா, எவ்வளவு நேரம் என்று ஏஜென்ட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், பின்னால் சாட்சிக்கு ஆகும்.

அப்புறம் வீட்டு விஷயம். மனமில்லாதவர்களிடம் "எங்கே போகலாம்" என்று கேட்டால் "எங்கேயும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். ஐந்து இடங்களைக் காட்டி, "இதில் உனக்கு எது வேண்டும்" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒன்று. அதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். மாமியாருக்கு கிளவுட் ஃபாரஸ்ட் ஒத்துவரும்: உள்ளே குளிர்ச்சி, லிஃப்டில் மேலே போய் இறங்கிக்கொண்டே பார்க்கலாம், சக்கர நாற்காலியும் போகும். நைட் சஃபாரியில் டிராமில் உட்கார்ந்தபடியே மிருகங்களைப் பார்க்கலாம். திரும்ப ராத்திரி வெகுநேரம் ஆகும் என்பதால் மறுநாள் காலையில் எதையும் வைக்க வேண்டாம். மகள் எழுந்திருக்காவிட்டால் விடுங்கள், மாலையில் கார்டன்ஸ் பை த பேயில் நடக்கும் சூப்பர்ட்ரீ (ராட்சத மரம்போன்ற கோபுரங்கள்) விளக்குக் காட்சிக்குக் கூட்டிப்போங்கள். தினமும் 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும், அதுவும் இலவசம். கணவருக்குத் தேக்கா சென்டரில் டிபன், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் என்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிப் பாருங்கள்.

பல இடத்துக்கு ஒரே பாஸ் என்று யாராவது விற்றால் யோசியுங்கள். நான் அப்படி வாங்கியதில் பாதி இடங்களுக்குப் போகவே நேரமில்லை, பணமும் திரும்பவில்லை.

ஏஜென்ட் டி.சி.எஸ். என்று தனியாகப் பணம் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?
*வாசகர், சேலம்*

இல்லை, வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி அது. உங்கள் பான் எண்ணில் சேர்ந்ததா என்று வருமான வரித் துறையின் தளத்தில் பாருங்கள், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் அரைவல் கார்டுக்கு இணையத்தில் தேடி, முதலில் வந்த தளத்தில் நான்கு பேருக்குப் பணம் கட்டினேன். அது இலவசமாமே?
*வாசகர், கோவை*

ஆமாம், சிங்கப்பூருக்குள் நுழைபவர்கள் இணையத்தில் நிரப்பும் அந்தப் படிவம் இலவசம்தான். உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அரசுத் தளம் போலவே பக்கம் அமைத்து, விளம்பரம் கொடுத்துத் தேடலில் மேலே வந்து நிற்கிறார்கள். படித்தவர்களே ஏமாறுகிறார்கள். உண்மையான கார்டை ஐ.சி.ஏ. எனும் சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதை நீங்களே மறுபடி நிரப்பிவிடுங்கள். வங்கியைக் கூப்பிட்டு அந்தத் தொகையை ஆட்சேபித்து, பணம் கட்டிய வங்கிக் கார்டையும் மாற்றுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுங்கள். இன்றே செய்யுங்கள். அரைவல் கார்டு விசா ஆகாது, விசா தனி.

மகனுக்கு சர்ப்ரைஸாக, ரீஃபண்ட் இல்லாத விமான டிக்கெட் எடுத்தேன். அந்த வாரம் அவனுக்கு செமஸ்டர் தேர்வாம். விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா?
*வாசகர், திருச்சி*

எதற்கு? ரீஃபண்ட் இல்லை என்று அவர்கள் சொல்லித்தான் விற்றார்கள். தேர்வு எப்போது என்று மகனிடம் கேட்காதது நீங்கள். ரத்து செய்தால் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதி. அதையாவது விடாமல் கேட்டு வாங்குங்கள்.

மாலில் கூப்பன் எழுதிப் போட்டோம். 'இலவச தாய்லாந்து டூர்' என்று ஓட்டலுக்கு அழைத்து, மணிக்கணக்கில் பேசி, அம்மாவின் கார்டில் ஒன்றரை லட்சம் எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தத் தேதி கேட்டாலும் ரூம் இல்லை என்கிறார்கள்.
*வாசகி, சென்னை*

அம்மாவைத் திட்டாதீர்கள். எழுந்து போகவிடாமல் பேசிப் பேசியே கையெழுத்து வாங்குவது இவர்கள் தொழில். ஒப்பந்தத்தில் ரத்து செய்யக் கெடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். நீங்கள் கேட்ட தேதிகளையும் அவர்கள் மறுத்ததையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.