கதையில் காலம் குழம்பலாம், வாசகர் குழம்பக்கூடாது

கேள்வி: பஸ் விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அவளும் அதே பஸ்ஸில் இருந்தவள். அவள் மனநிலையைக் காட்ட அத்தியாயங்களை முன்பின்னாக மாற்றி வைத்தேன். படித்த நண்பர்கள் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அத்தியாயங்களைக் கலைத்தது நீங்கள், அவள் அல்ல. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சாதாரண நினைவு வரும்போது அது முடிந்துபோனது என்ற உணர்வும் கூடவே வரும். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்கள் பலருக்கு அந்த உணர்வு அற்றுப்போகிறது. ஓர் ஒலியோ வாசனையோ தூண்டிவிட்டால், நடந்தது அப்படியே மறுபடி நடக்கிறது. ஆகவே காலம் எங்கே தாவ வேண்டும் என்பதை அவள் காதும் மூக்கும் முடிவு செய்யட்டும்.

‘குக்கர் விசில் கேட்டதும் விபத்து அவள் நினைவுக்கு வந்தது’ என்று எழுதினால், அவள் தள்ளி நின்று பார்க்கிறாள். ‘குக்கர் விசிலடித்தது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். பஸ் சாய்கிறது. அவன் கை நழுவுகிறது’ என்று எழுதிப் பாருங்கள். ‘நினைத்தாள்’ இல்லை, ‘அன்று’ இல்லை. இறந்தகாலம் நிகழ்காலமாகிவிட்டது, ஆனால் எந்த வாசகரும் வழி தவறமாட்டார்.

வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ (1925) நாவலை இதற்காகவே ஒருமுறை படியுங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ், லண்டன் பூங்காவில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறான். சாம்பல் நிற உடையில் ஒருவர் நடந்து வருகிறார். போரில் இறந்த நண்பன் எவன்ஸே வருவதாக அவனுக்குத் தெரிகிறது. மனைவி மணி கேட்கிறாள். கடிகாரம் பதினொன்றே முக்கால் அடிக்கிறது. அவன் காலம் எங்கு போனாலும் ஊரின் மணி பிசகுவதில்லை. வாசகர் பிடித்துக்கொள்வது அந்த மணியைத்தான். போரின் அதிர்ச்சி அவனை விடவில்லை என்று எந்த மருத்துவரும் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரியில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கே போர்க்கைதியாக இருந்தவர் அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட். அவருடைய ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ (1969) நாயகன் தன் வாழ்நாளின் காலத்தில் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பான். ஆனால் போர்க்கதை மட்டும் பெரும்பாலும் வரிசையாகவே டிரெஸ்டனை நோக்கி நகரும். இங்கே வாசகர் பிடித்துக்கொள்வது அந்த வரிசையை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அவளை வாட்டுவது விபத்தின் அதிர்ச்சியா, மனச்சோர்வா? இரண்டும் சேர்ந்தே வரலாம், ஆனால் காலம் இரண்டிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. மனச்சோர்வில் தாவல் குறைவு. பொழுது நகராது, நாளை என்பதே கண்ணுக்குத் தெரியாது. ஒரே பிற்பகலுக்கு நான்கு பக்கம் கொடுங்கள். அடுத்த ஆறு மாதத்தை ஒரு வரியில் கடந்துவிடுங்கள்.

இப்போதைக்கு, விபத்து முதல் இன்றுவரை நடந்ததையெல்லாம் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு கைப்பிரதியில் ஒவ்வொரு தாவலுக்கும் அருகே, அதைத் தூண்டியது எது என்று ஓரத்தில் குறியுங்கள். குறிக்க ஒன்றும் இல்லாத இடங்களில் அத்தியாயத்தைப் பழைய வரிசைக்கே திருப்பிவிடுங்கள்.