மேற்கு ஜன்னலுக்குக் கோட்டிங் கண்ணாடி போட்டால் வீடு இருட்டாகிவிடுமா?

சென்னையில் மேற்குப் பார்த்த ஹால், வெயிலுக்குப் பயந்து திரையை மூடிவிட்டுப் பகலிலேயே லைட் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான கண்ணாடியாக இருந்தால் இருட்டாகாது.

வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கோட்டிங் கண்ணாடியில் பூசியிருக்கும், தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய வெள்ளிப் படலம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெளிச்சத்தை உள்ளே விடும். கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கிவிடும், அது வேண்டாம்.

கடையில் இரண்டு எண்களைக் கேளுங்கள். வெளிச்சம் எத்தனை சதவீதம் வரும் (விஎல்டி), வெயிலின் சூடு எவ்வளவு வரும் (எஸ்எச்ஜிசி). சாதாரணக் கண்ணாடியில் இரண்டாவது எண் சுமார் 0.8, அதாவது 80 சதவீதச் சூடு உள்ளே வரும். உங்களுக்கு அது 0.3 பக்கமும், வெளிச்சம் 50 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்கட்டும். இந்தக் கோட்டிங் கண்ணாடிக்குக் கடையில் சொல்லும் 'லோ-ஈ' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். குளிர்நாட்டு வகை வெயிலை உள்ளே விட்டு, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்!

அப்புறம், வெள்ளிப் படலம் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். அதனால் இரட்டைக் கண்ணாடிக்குள், வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் அது இருக்க வேண்டும். பொருத்தும்போது வெளிப்பக்கம் நின்று லைட்டரைக் கண்ணாடி அருகே பற்றவையுங்கள். நான்கு சுடர்கள் பிரதிபலிக்கும். நிறம் மாறித் தெரிவது உங்கள் பக்கமிருந்து இரண்டாவதாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.