இரண்டு பேர் நடந்த வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜூனில் நானும் மனைவியும் மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை எத்தனை வகுப்புகளில் நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. பூவைத்தான் பார்த்ததில்லை. வழிகாட்டி இல்லாமல் நாமே நடந்து போகும் விடுமுறைப் பயணம் என்று அங்கே ஒன்று விற்கிறார்களாம். அறை போட்டுத் தந்து, வரைபடம் கொடுத்து, பெட்டியை மட்டும் வண்டியில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். நீங்கள் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நடந்ததாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு மூன்று கேள்விகள். 61 வயதில் இது முடியுமா? கவிஞர் நடந்த பாதையைப் பார்ப்பதால் கவிதையில் ஏதாவது கூடுகிறதா, இல்லை இதுவும் சுற்றுலா வியாபாரம்தானா? கடைசியாக, மனைவிக்கு இலக்கியத்தில் ஆர்வம் கிடையாது. அவளை மகள் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போய்வரலாமா? அந்தக் கவிதையே தனிமையைப் பற்றியதுதானே?

பெயர் போட வேண்டாம். வீட்டில் தெரிந்தால் வம்பு.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் போடவில்லை. ஆனால் வம்பு வரத்தான் போகிறது, ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் ‘கூடாது’ என்பதுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1802 ஏப்ரல் 15, வியாழக்கிழமை. வேர்ட்ஸ்வொர்த்துக்கு 32 வயது. அல்ஸ்வாட்டர் ஏரியின் வடக்கு முனையில் தாமஸ் கிளார்க்சன் வீடு இருந்தது. அடிமை வணிகத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அவர். அந்த வீட்டிலிருந்து கிளம்பி ஏரிக்கரையோரமாக கிராஸ்மியரில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார் கவிஞர். கூட யார்? தங்கை டோரதி. அன்று அடித்த காற்றில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது என்று டோரதி தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். படகுக் கொட்டகையில் கொஞ்சம் ஒதுங்கி, புதர் மறைவில் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார்கள். கோபரோ பூங்காவைத் தாண்டிய காட்டில், தண்ணீர் ஓரம் நாலைந்து டாஃபடில் கண்ணில் பட்டது. போகப் போகக் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் கரை நெடுக ஒரு வண்டிச்சாலை அகலத்துக்குப் பூ. சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக்கிப் படுத்திருந்தன, மற்றவை காற்றோடு ஆடிச் சிரித்தன என்கிறார் டோரதி. அந்த ஆட்டம் கவிதையில் இருக்கிறது. கல்லில் தலைவைத்துப் படுத்த பூ கவிதையில் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் உட்கார்ந்து எழுதியபோது முதல் வரி என்னவாயிற்று? மேகம் போலத் தனியாக அலைந்தேன். தங்கை காணாமல் போய்விட்டார்.

இதோடு முடியவில்லை. நீங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு விளக்கியிருப்பீர்களே, அகக்கண் என்றும் தனிமையின் பேரின்பம் என்றும் வரும் அந்த இரண்டு வரிகள், அவை வேர்ட்ஸ்வொர்த் எழுதியவை அல்ல. அவர் மனைவி மேரி சொன்னவை. இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கவிதையிலேயே சிறந்த வரிகள் அவைதான் என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, தனிமையைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கவிதையில் பார்த்தது தங்கையோடு, உச்ச வரி மனைவியுடையது. இந்தக் கவிதையைக் காரணம் காட்டி மனைவியை மான்செஸ்டரில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள்.

இது ஒரு தடவை நடந்த தற்செயலும் இல்லை. அட்டைப்பூச்சி பிடிக்கும் கிழவர் கவிதையையும் நீங்கள் நடத்தியிருப்பீர்கள். அதில் கவிஞர் மேட்டுவெளியில் ஒரு குட்டை ஓரமாகத் தனியாகக் கிழவரைப் பார்க்கிறார். நாட்குறிப்பைத் திறந்தால் 1800 அக்டோபர் 3-ஆம் தேதிக் குறிப்பில், ‘நாங்கள்’ ஒரு கூன் விழுந்த கிழவரைப் பார்த்தோம் என்று இருக்கிறது. பத்துப் பிள்ளை பெற்றவர், ஒருவன்தான் மிச்சம், அவனும் கப்பலுக்குப் போய்ப் பல வருடமாகத் தகவல் இல்லை. வைத்தியத்துக்கு விற்கும் அட்டை முன்பு நூறு இரண்டரை ஷில்லிங், இப்போது முப்பது ஷில்லிங். கிடைப்பதே இல்லை, அதனால் பிச்சை எடுக்கிறார். விலைவாசி வரைக்கும் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார் டோரதி. அண்ணன் கவிதை பெரிய கவிதைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் கிழவரிடம் நின்று பேசிய ஆள் யார் என்று எனக்கு நாட்குறிப்பைப் படித்ததும் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கிராஸ்மியரில் அவர்கள் 1799 முதல் 1808 வரை குடியிருந்த டவ் காட்டேஜ் இருக்கிறது. ஒரு காலத்தில் சத்திரமாக இருந்த வீடு. இருட்டான சின்ன அறைகள். அரை மணி நேரம் போதும். பக்கத்து அருங்காட்சியகத்தில் டோரதியின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வீடு உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தராது, வழிதான் தரும். வேர்ட்ஸ்வொர்த் வாழ்நாளில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மைலுக்கு மேல் நடந்திருப்பார் என்று கணக்குப் போட்டவர் அவருடைய எழுத்தாள நண்பர் டி குவின்சி. அதே கையோடு கவிஞரின் கால்கள் பார்க்கச் சகிக்காது என்றும் எழுதிவைத்தார். நண்பர்கள் அப்படித்தான்.

நிறுவனங்கள் வேர்ட்ஸ்வொர்த் பெயரில் விற்கும் ஐந்து நாள், ஏழு நாள் திட்டங்களில் எதை வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்னைக் கேட்டால் அந்த ஏப்ரல் 15, 16 வழியையே பிடித்து, அவர்கள் இரண்டு நாளில் நடந்ததை நீங்கள் மூன்று நாளாக்கிக்கொள்ளுங்கள். மான்செஸ்டரிலிருந்து பென்ரித் வரை ரயில், அங்கிருந்து 508 பஸ்ஸில் அல்ஸ்வாட்டரின் வடக்கு முனையில் இருக்கும் பூலி பிரிட்ஜ். முதல் நாள் ஏரியின் மேற்குப் பக்கமாக பாட்டர்டேல் வரை, பத்து மைல் சொச்சம். கால் வலித்தால் கவலை வேண்டாம், 1859-லிருந்து அந்த ஏரியில் பயணிகள் படகு ஓடுகிறது, ஏறி உட்கார்ந்துவிடலாம். வழியில் டாஃபடில் பூக்கும் கிளென்கோய்ன் வளைகுடாவில், ஜூன் ஆகையால், ஒரு டாஃபடிலும் இருக்காது. அது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும்தான். உங்களுக்குக் கிடைக்கப்போவது இடுப்பளவு பெரணியும் இரவு பத்து மணி வரை அணையாத வெளிச்சமும். ஏமாற்றம்தான், ஆனால் முப்பது வருடமாகப் பூ இல்லாமல்தானே நடத்தினீர்கள்.

அன்றைக்கு இரவு அண்ணனும் தங்கையும் பாட்டர்டேல் விடுதியில் தங்கினார்கள். விடுதிக்கார அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார், அது அவர் சுபாவம் என்று எழுதுகிறார் டோரதி. ஆனால் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் பிரமாதமாம். பில் ஏழு ஷில்லிங். ஜன்னல் ஓரம் கிடந்த புத்தகக் குவியலிலிருந்து கவிஞர் பழைய நாடகாசிரியர் காங்க்ரீவின் நாடகத் தொகுப்பில் ஒற்றைத் தொகுதி ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். டோரதிக்கு ஒரே குறிப்பில் ஊர், சாப்பாடு, ஆள், கணக்கு எல்லாம் வந்துவிடுகிறது.

மறுநாள் கிர்க்ஸ்டன் கணவாய் ஏறி ஆம்பிள்சைடு, ஒன்பது பத்து மைல். கணவாயின் உயரம் 454 மீட்டர். ஏற்றம் நீளம், ஆனால் அவசரப்படாமல் ஏறினால் முடியும். ஏறுவதற்கு முன்னால் பிரதர்ஸ் வாட்டர் என்ற சிறிய ஏரி வரும். அதன் கால்மாட்டுப் பாலத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். டோரதி அண்ணனை இந்தப் பாலத்தில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக ஏரிக்கரைக் காட்டுக்குள் ஒரு நடை போய்வந்தார். திரும்பி வந்து பார்த்தால் அவர் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார், நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் பற்றி, என்கிறது நாட்குறிப்பு. சேவல் கூவுகிறது என்று தொடங்கும் கவிதை அது. தலைப்பில் மார்ச் என்று போட்டிருப்பார், நடந்தது ஏப்ரல். கவிஞர்களிடம் தேதி கேட்கக் கூடாது.

மூன்றாம் நாள் நாலு மைல்தான், ஆம்பிள்சைடிலிருந்து ரைடல் வழியாக கிராஸ்மியர். சவப்பெட்டி வழி என்று பெயர். அந்தக் காலத்தில் இறந்தவர்களை இந்த மலைச்சரிவுப் பாதையில் கிராஸ்மியர் தேவாலயத்துக்குத் தூக்கிப்போவார்கள். தூக்குகிறவர்கள் பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்க வழியில் ஒரு தட்டைக் கல் உண்டு, நம்மூர் சுமைதாங்கி மாதிரி. வழி முடியும் இடத்தில் ரோத்தே ஆற்றங்கரைத் தேவாலயத் தோட்டத்தில் மூவரும் இருக்கிறார்கள். கவிஞர் 1850, டோரதி 1855, மேரி 1859. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே கல், பெயரும் வருடமும் தவிர அதில் ஒன்றுமில்லை. பக்கத்துக் கல் டோரதியுடையது. அவ்வளவு நடந்த டோரதிக்குக் கடைசி இருபது வருடம் நடக்கவும் முடியவில்லை, நினைவும் தங்கவில்லை. தோட்டத்து வாசலை ஒட்டிய சின்ன வீட்டில் 1854-லிருந்து இஞ்சி ரொட்டி விற்கிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு அந்தக் காரம் பிடிக்கும். உங்கள் மனைவிக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் இலக்கியத் தலம் அதுதான்.

இப்போது முதல் கேள்வி. முடியும். மலையுச்சி எதுவும் ஏறத் தேவையில்லை. ஒரு மாதம் முன்பே தினமும் ஒன்றரை மணி நேரம் நடக்கப் பழகுங்கள், சமதரையில் மட்டுமல்ல, மாடிப்படியிலும். ஷூவை இங்கேயே வாங்கிப் போட்டுப் பழக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடம், ஓஎல்5, ஓஎல்7 இரண்டும் வேண்டும். ஒரு கிலோமீட்டர் நாலு சென்டிமீட்டர் என்று வரைந்திருப்பதால் ஒவ்வொரு கல்சுவர்கூடத் தெரியும். பச்சைக் கோட்டுத் துண்டுகளாகப் போட்டிருப்பது பொதுப் பாதை. அது ஒரு விவசாயியின் தொழுவத்து வாசல் வழியாகப் போனாலும் நீங்கள் தைரியமாகப் போகலாம், சட்டப்படி அது உங்கள் உரிமை. நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும், ஆட்டை விரட்டக் கூடாது, அவ்வளவுதான்.

நிறுவனம் தரும் வழிக்குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். வழிக்குறிப்பு நமக்குப் புது விஷயமில்லை, நாம் அதை ஆற்றுப்படை என்போம். மலைபடுகடாத்தில், பன்றிக்குத் தோண்டிய குழி இருக்கும் பார்த்துப் போ, தினைப்புனக்காரர் கவண் கல் வீசுவார்கள் ஒதுங்கிப் போ என்றெல்லாம் கூத்தனுக்குச் சொல்லி அனுப்புகிறார் புலவர். எனக்குக் கிடைத்த குறிப்பில் அந்த அக்கறை இல்லை. ‘இரண்டாவது கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம்’ என்று மட்டும் இருந்தது. ஒரு கேட்டை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. கிராஸ்மியரிலிருந்து கிரைஸ்டேல் கணவாய் வழியாக பாட்டர்டேல் போகும் பாதை அது. நான் தனியாகப் போயிருந்தேன், உங்களைப் போலவே கவிதையை நம்பி. பனி மூட்டம் வேறு. மேலே உள்ள குட்டை ஏரி அருகில்தான் வேர்ட்ஸ்வொர்த்தும் டோரதியும் 1800 செப்டம்பரில் தம்பி ஜானை வழியனுப்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் கேப்டனான ஜான் 1805-ல் கப்பலோடு மூழ்கிப்போனார். அந்தப் பிரிவுக்கு அங்கே ஒரு கல் உண்டு. அதைப் பார்க்கத்தான் ஏறினேன், பார்க்காமலே இறங்கினேன். ‘இந்த கேட் இல்லீங்க, அடுத்தது’ என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டரை, சமையல்கட்டை மூடிவிட்டார்கள். இரண்டு பாக்கெட் சிப்ஸ்தான் சாப்பாடு. என் விடுதிக்கார அம்மாவுக்கும் அதே சுபாவம்.

உங்கள் மனைவிக்கு இலக்கிய ஆர்வம் இல்லை என்கிறீர்கள். சரி. ஆடு எத்தனை, அறை வாடகை எவ்வளவு, யார் முகம் சுளித்தார், எந்த வீட்டில் என்ன செடி என்பதெல்லாம் அவர் கண்ணில் படுமா? அப்படியானால் அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்து ராத்திரி எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்து எனக்குப் பயணக் கட்டுரை அனுப்புவதானால் உங்களுடையதோடு அதையும் சேர்த்து அனுப்புங்கள், எதைப் போடுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே ஜூனிலும் மழை உண்டு. மகள் வீட்டுப் பக்கம் மழைக்கோட்டு வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.