கிண்ணம் காலியாகிறது, எடை ஏன் ஏறவில்லை?

கேள்வி: வறுமையில் வாடும் குடியிருப்பு ஒன்றில் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கிறோம். படம் காட்டி விளக்கினால் கவனமாகக் கேட்கிறார்கள். ஆனாலும் 6 மாதம் தாண்டிய குழந்தைகளின் எடை ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். தாய் தன் கையால் சமைத்து, தன் பிள்ளை அதைச் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் பாடம் வீடு வரை போகும்.

முதலில் கஞ்சியின் பதத்தைப் பாருங்கள். 8 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 240 மி.லி. கொள்ளும். அந்தக் கிண்ணத்தில் 25 கிராம் மாவு கரைத்த நீர்க்கஞ்சி இருந்தால் 90 கலோரிகூடத் தேறாது. 60 கிராம் மாவில் கெட்டியாகக் கிண்டினால் 200 கலோரியைத் தாண்டும். இரண்டிலும் வயிறு நிரம்பிவிடும். “நல்லாத்தான் சாப்பிடுது” என்று தாய் சொல்வது உண்மைதான். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம் வேண்டும்.

இவ்வளவு கெட்டியாக இருந்தால் பிள்ளை விழுங்குமா என்று பயப்படுவார்கள். நியாயமான பயம். அதற்கும் வழி இருக்கிறது: தானியத்தை முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவில் ஒரு தேக்கரண்டி எடுத்து, இறக்கி வைத்துச் சற்றே ஆறிய கஞ்சியில் கலக்குங்கள். சில நிமிடங்களில் மாவு குறையாமலே இளகும். கொதிக்கும்போது போட்டால் இளகாது. இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குவதை மறக்கக் கூடாது. முளைகட்டும்போது கிருமி சேர வாய்ப்புண்டு. ஊட்டும் முன் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் இன்னும் 40 கலோரி. மசித்த பருப்பு, முட்டை, கீரை, எது கிடைக்கிறதோ அதையும் சேருங்கள்.

அளவைத் தாய்மாரின் வீட்டுக் கிண்ணத்திலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். 6–8 மாதத்தில் 2–3 வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி 250 மி.லி. கோப்பையில் பாதி வரை. 9–11 மாதத்தில் 3–4 வேளை, அரைக் கோப்பை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கோப்பை, இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி. தாய்ப்பால் 2 வயது வரையும், அதற்கு மேலும் தொடரட்டும்.

‘வசதியில்லாமல் எப்படி?’ என்று யாராவது கேட்டால், அதே குடியிருப்பில் அதே வருமானத்தில் நன்றாக வளரும் குழந்தையின் வீட்டைத் தேடிப் போங்கள். 1990-களின் தொடக்கத்தில் வியட்நாமில் ‘சேவ் த சில்ட்ரன்’ என்ற தொண்டு அமைப்புக்காகப் போன ஜெர்ரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதி இதைத்தான் செய்தார்கள். அந்த வீடுகளில் வயலில் கிடைத்த சின்ன இறாலும் நண்டும் கீரையும் குழந்தையின் சோற்றில் சேர்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை ஊட்டினார்கள். உங்கள் குடியிருப்பிலும் அப்படி வளர்க்கும் தாயே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். தாய் வேலைக்குப் போனபின் ஊட்டுவது பாட்டியோ அக்காவோ என்றால், அவர்களையும் கூப்பிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். எடை சரிவது பல நேரம் இங்கேதான். உப்பு சர்க்கரைக் கரைசலோடு ஊட்டலும் தொடர வேண்டும்; குணமான பின் 2 வாரம் தினம் ஒரு வேளை கூடுதல்.

மேல் கைச் சுற்றளவு (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில்) அளக்கும் நாடாவையும் தாய்மாருக்குப் பழக்குங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைக்கு அது 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி எடுத்தபின் குழி நின்றாலோ, கஞ்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.