தொழுவுரம் இட்டும் கரிமச்சத்து ஏறாத செவ்வல் நிலம்

உங்கள் செவ்வல் நிலத்தில் மூன்று ஆண்டுகளாகத் தொழுவுரம் இட்டும் கரிமச்சத்து (மட்கிலிருந்து மண்ணில் சேரும் கரிமம்) ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது 0.4 விழுக்காட்டிலேயே நிற்பதற்கும், மழைக்குப் பின் மேல்மண் ஓடுபோல் இறுகுவதற்கும், நீங்கள் பருவந்தோறும் மூன்று நான்கு சால் (முறை) ரோட்டவேட்டர் என்னும் சுழல்கத்திக் கலப்பையை ஓட்டுவதே பெரும்பாலும் காரணம். மண்கட்டிகளுக்குள் பொதிந்திருக்கும் மட்கு, அவை பொடியாகும்போது காற்றுப்பட்டு, நுண்ணுயிர்களுக்கு எளிதில் இரையாகிக் கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. பொடிந்த மண்ணோ முதல் மழையிலேயே துளைகளை அடைத்துக்கொள்கிறது.

ஐயம் தீர ஒன்று செய்து பாருங்கள். வயலிலிருந்து ஒன்றும், உழவு படாத வரப்போரத்திலிருந்து ஒன்றுமாக, நன்கு உலர்ந்த இரு மண்கட்டிகளைத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளர் நீரில் மெதுவாக இடுங்கள். வரப்புக் கட்டி நிலைத்திருக்க, வயல் கட்டி சில நிமிடங்களில் சரிந்தால் பெரும்பாலும் உழவுதான் காரணம். நீர் பால்போல் கலங்கியே நின்றால் சோடியம் மிகுதியாக இருக்கலாம். அப்போது மண்ணின் கார அமில நிலையைப் பரிசோதித்து, சோடியத்தை நீக்க உதவும் ஜிப்சம் தேவையா என முதலில் முடிவுசெய்யுங்கள்.

உழவே காரணமெனில் ரோட்டவேட்டரை ஒரு சாலோடு நிறுத்தி, பயிர்த்தாளை எரிக்காமல் நிலத்திலேயே விடுங்கள். அரை அடிக்குக் கீழ் மண் இறுகியிருந்தால் மட்டும் மண்ணைப் புரட்டாமல் ஆழத்தில் கீறும் உளிக்கலப்பையை ஓட்டலாம். ஈரத்தில் ஓட்டினால் இறுக்கம் உடையாது என்பதால், கோடையில் மண் காய்ந்திருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.