"யாரிடமும் சொல்லாதேம்மா" என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. குடும்பக் கல்யாணம் ஒன்றுக்குத் துணி எடுக்கக் கூப்பிட்டபோது, "நான் கல்யாணத்துக்கே வரலை" என்று அடம்பிடித்தான். அதட்டியதும் அழுதுகொண்டே சொன்னான். நான்கு வருஷத்துக்கு முன் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, என் நாத்தனார் மகன் இவனிடம் பலமுறை தப்பாக நடந்திருக்கிறான். அவனுக்கு அப்போது 22 வயது. "ஏன்டா அப்பவே சொல்லலை?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து முகம் கொடுத்தே பேசுவதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறான். கணவரோ, "ஆம்பளப் பையன்தானே, மறந்துடுவான். அக்கா குடும்பம் உடைஞ்சிடும்" என்கிறார். நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் வேலையாக அவனிடம் போய், "நீ சொன்னதை நான் நம்புறேன். உன் மேல எந்தத் தப்பும் இல்ல. அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டாம். இந்த வயதுப் பையன்களுக்கு முகம் பார்த்துப் பேசுவது கஷ்டம். ஸ்கூட்டரில் உங்கள் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ, சேர்ந்து துணி மடிக்கும்போதோ சொன்னால் போதும். அவன் பதில் பேசாவிட்டாலும் காதில் விழுந்திருக்கும்.

அவன் ஏன் அப்போதே சொல்லவில்லை? ஒன்பது வயதில், நடப்பது என்னவென்றே பிடிபட்டிருக்காது. செய்தவனோ வேற்று ஆள் இல்லை, வீட்டில் எல்லோரும் கொண்டாடும் அத்தான். பயத்தில் உடல் மரத்துப் போவது பெரியவர்களுக்கே நடக்கும். ஆண் பிள்ளைகளுக்கு இன்னொரு வேதனையும் உண்டு: "தடுக்காம இருந்தேனே, நானெல்லாம் ஆம்பளையா" என்று தன்னையே அரித்துக்கொள்வார்கள். கணவர் சொன்ன அந்த வார்த்தை மகன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் இதைக் காட்டுங்கள். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டமும் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் பொது.

விவரம் கேட்டுத் துருவாதீர்கள். அவனாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவன் சொன்ன வார்த்தைகளிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்லக் கூப்பிடக் கூடாது என்று நீதிமன்றத்துக்கே சட்டம் சொல்கிறது. அத்தை, பாட்டி என்று ஒவ்வொருவர் முன்னாலும் அவனை நிறுத்திச் சொல்ல வைப்பது அவனுக்குச் செய்யும் கொடுமை.

சத்தியத்துக்கு வருவோம். அதை உங்களால் காப்பாற்ற முடியாது என்பதை அவனிடம் நேர்மையாகச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட குற்றம் தெரிந்தவர் புகார் தந்தாக வேண்டும் என்கிறது போக்சோவின் 19-வது பிரிவு. மறைத்தால் 21-வது பிரிவின்படி தண்டனையும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம், அந்த ஆளின் பக்கத்தில் இன்றும் வேறு குழந்தைகள் இருக்கலாம். "சொல்லாம இருக்க முடியாதுப்பா. ஆனா உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். இந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியும்.

முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். பையன் விஷயமாயிற்றே என்று தயங்க வேண்டாம். பழைய சம்பவம் என்பதால் புகார் செல்லாமல் போகாது என்று மத்திய அரசு 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. வாக்குமூலம் வாங்கும் போலீஸார் சீருடையில் வரக் கூடாது. உங்கள் வீட்டிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே வாங்கலாம். உடலில் தடயம் இல்லாவிட்டாலும் பிள்ளையின் வார்த்தை சாட்சியம்தான். அவன் பெயரோ பள்ளியோ பத்திரிகையில் வரக் கூடாது. நீதிமன்ற விசாரணையும் மூடிய அறையில்தான், குற்றவாளி கண்ணில் படாதபடி நடக்க வேண்டும். இதையெல்லாம் அவனிடமும் சொல்லுங்கள். பாதி பயம் குறையும்.

கணவரோ மைத்துனர்களோ போய் அந்த ஆளை அடிப்பது, பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து பேசி மன்னிப்புக் கேட்க வைப்பது இரண்டும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டதோடு விஷயத்தை மூடிவிடுவார்கள். "அதான் காலில் விழுந்துட்டானே" என்று உங்கள் பிள்ளையின் வாயையும் அடைத்துவிடுவார்கள்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, படிப்பில் சட்டென்று சறுக்குவது தெரிந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று எப்போதாவது சொன்னால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

கல்யாணத்துக்கு அவனை அழைத்துப் போக வேண்டாம். அவனோடு வீட்டில் இருக்க வேண்டியவர் அவன் அப்பா. அக்கா கேட்டால், "வர முடியலை" என்று அவரே சொல்லட்டும்.